கடைசி பெஞ்சில் வந்து உட்காருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி போதவில்லை என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெங்களூரில் ஒரு தனியார் பட்டக் கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இயற்பியல் நடத்துகிறேன். பயிற்சிகள் நிறையவே நடக்கின்றன. முடித்து வந்தபின் எங்கள் வகுப்பில் என்ன மாறியது என்று பார்க்கத்தான் ஆள் இல்லை.

பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க பி.எட். போன்ற ஆசிரியர் பயிற்சி கேட்கிறார்கள். பி.எஸ்சி. வகுப்புக்கு முதுகலைப் பட்டமும் நெட் போன்ற ஒரு தகுதித் தேர்வும் போதும். அத்தகைய தேர்வுகளில் கற்பித்தல் பற்றிச் சில கேள்விகள் வந்தால் உண்டு. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரிகளைத் தொடங்கியது. அவையே பின்பு மனிதவள மேம்பாட்டு மையங்களாகி, 2023 முதல் மாளவியா பயிற்சி மையங்கள் என்று அழைக்கப்படுகின்றன. பெயர் இருமுறை மாறியும், எங்களில் பெரும்பாலோர் பதவி உயர்வுக்கான சான்றிதழுக்காகவே அங்கே போகிறோம். நானும் அப்படித்தான் போனேன். ஒன்பது சான்றிதழ்கள் வைத்திருக்கிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் கன்னடத் துறையின் மூத்த ஆசிரியை ஒருவரை என் வகுப்புக்கு வந்து பார்க்கச் சொன்னேன். இயற்பியல் தெரியாதவர். கடைசி பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, வெளியே வந்ததும் தன் நோட்டைக் காட்டினார். “மேடம், ‘அர்த்த ஆய்தா’ (புரிந்ததா) என்று பதினாலு தடவை கேட்டீர்கள். ஒரு தடவைகூட பதிலுக்குக் காத்திருக்கவில்லை.” அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே இதை எழுதியிருக்கிறார் என்று பின்னர்தான் தெரிந்துகொண்டேன். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மூன்று நொடி கேட்கச் சின்னதாக இருக்கும். அறுபது பேர் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்று பாருங்கள்.

அடுத்த வாரம் ஒரு கேள்வி போட்டேன். பஸ்ஸும் ஆட்டோவும் நேருக்கு நேர் மோதினால் எதன் விசை அதிகம்? ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியை வரி பிசகாமல் எழுதக்கூடியவர்கள் எல்லோரும் “பஸ்” என்றார்கள். சரியா தவறா என்று சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொன்னேன். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990களில் தொடங்கிய முறை இது. ஒரு பயிற்சியில் ஸ்லைடாகப் பார்த்திருந்தும் வகுப்புக்குக் கொண்டுவர எனக்குத் துணிவு வந்ததில்லை. கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு என்று அறை முழுக்கச் சத்தம். இரண்டு செமஸ்டராக வாயே திறக்காத ஒரு பெண் தோழியிடம் தமிழில் சொன்னாள்: “விசை ரெண்டுக்கும் ஒண்ணுதான்டி. ஆட்டோ லேசு, அதான் அது நசுங்குது.” ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் அவள் அன்றும் வாயைத் திறந்திருக்க மாட்டாள். அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. வகுப்பில் இப்படிப் பங்கேற்றுப் படிப்பவர்களைவிட, விரிவுரை மட்டுமே கேட்கும் மாணவர்கள் தோற்கும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு என்கிறது அது.

ஆகவே பயிற்சி மையங்களுக்கு ஒரு கோரிக்கை. இரண்டு வாரப் புத்தொளிப் பயிற்சியில் ஒரு வாரத்தை மட்டும் அரங்கில் நடத்துங்கள். மீதியை ஒரு செமஸ்டர் முழுக்கப் பரப்பி, இரண்டு இரண்டு ஆசிரியர்களாக ஒருவர் வகுப்பில் ஒருவர் நான்கு முறை உட்காரட்டும். பேசுவது அவர்களுக்குள்ளேயே இருக்க வேண்டும். முதல்வர் மதிப்பெண் தாளோடு வந்தால் அன்றைக்கு மட்டும் நாங்கள் நன்றாக நடத்திக் காட்டுவோம். இதற்காக வாரத்தில் ஒரு பீரியடைக் குறைத்துத் தர நிர்வாகங்கள் மனம் வைக்க வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களை முதலில் சேருங்கள். எங்கள் கல்லூரியில் முதலாண்டு வகுப்புகளில் பாதியை அவர்கள்தான் எடுக்கிறார்கள். பதவி உயர்வு இல்லாதவர்கள் என்பதால் எந்தப் பயிற்சிப் பட்டியலிலும் அவர்கள் பெயர் வருவதில்லை.

வணிகவியல், வரலாற்று வகுப்புகளில் இப்படிச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். அங்கே பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் பதிலாக என்ன கேட்டீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியை,
அல்சூர், பெங்களூரு