சிவப்புக் கைக்குட்டை யார் தலைக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வான்கோழி வேட்டைக்கு என்ன உடுத்தலாம் என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். அதில், மற்ற வேட்டைக்காரர்களுக்குத் தெரியும்படி தலையில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொள்வது பாதுகாப்பாம்! வசந்தகாலத்தில் சேவல் வான்கோழியின் தலையே சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகத்தான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. புதருக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ அசைந்தால் துப்பாக்கியோடு வருகிறவர் என்ன நினைப்பார்? இங்கே பென்சில்வேனியாவில் முதல் தடவை உரிமம் வாங்குகிறவர் போக வேண்டிய பயிற்சி வகுப்பிலேயே இந்த நிறங்கள் ஆகாது என்று அடித்துச் சொல்கிறார்கள்.

ஒருநாள் காலை நானும் மச்சானும் ஒரு பெரிய மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து சேவலை வரவழைக்கப் பெட்டை வான்கோழி போலக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தோம். மச்சான் காலை நீட்டியதில் பேண்ட் மேலே ஏறி வெள்ளை சாக்ஸ் நாலு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. எங்கள் குரலை நம்பி யாரோ ஒருவர் குனிந்து குனிந்து வந்தார், துப்பாக்கி எங்கள் பக்கம். கையைக்கூட அசைக்காமல், தொண்டை கிழியக் கத்தித்தான் அவரை நிறுத்தினேன். சாக்ஸுக்கே இந்தக் கதி, நீங்கள் தலையில் கட்டச் சொல்கிறீர்கள்.

கட்டுரையில் பாதி வாசனையில்லாத சோப்பு, வாசனையில்லாத துணி என்றே போகிறது. தென்னை மரத்தைப் படித்துப் போனவன் பசுமாட்டை அதில் கட்டிய கதைதான், எழுதியவர் மான் வேட்டைக் கட்டுரையில் மானை அவிழ்த்துவிட்டு வான்கோழியைக் கட்டியிருக்கிறார். வான்கோழிக்கு மூக்கு மந்தம், கண்தான் எமன். நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் அதற்குத் தெரியும், அதனால் துணியைப் பளிச்சென்று ஆக்கும் சோப்புத்தூளில் துவைத்தால் காட்டோடு காடாக மறைந்துகொள்ள எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமோ உடையும் வீண். இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

வில்லைப் பற்றியும் பேசியிருக்கிறார், பாவம். உடம்பெல்லாம் இலை தொங்கும் தொளதொள உடையைப் போட்டு வில்லை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாண் முன்கைச் சட்டையில் மாட்டி அம்பு எங்கேயோ போகும். முகமூடி தொளதொளவென்று இருந்தால் நாணைத் தாடையில் ஒரே இடத்தில் நிறுத்தவே முடியாது. வில்லுக்காரர்கள் பலரும் கூடாரத்துக்குள் உட்காருவது இழுக்கும் அசைவை மறைக்கத்தான், உள்ளே இருட்டு என்பதால் அங்கே கறுப்புச் சட்டைதான் சரி, வெளியே வந்தால் அதே கறுப்பு ஆகாது, ஏனென்றால் வான்கோழி உடம்பே தூரத்தில் கறுப்பாகத்தான் தெரியும்.

படத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பண்ணையில் வளர்கிற வெள்ளை வான்கோழி! உங்கள் பத்திரிகையில் வான்கோழி என்றாலே ஒன்று நவம்பர் மாத பிரியாணிக் குறிப்பு, இல்லாவிட்டால் மயிலைப் பார்த்து ஆடிய பழைய கதை. உறைந்த ஏரியில் மீன் பிடிப்பது பற்றி முன்பு வந்த கட்டுரையின் தவறுகளையும் எழுதி அனுப்பினேன், பிரசுரிக்க இடமில்லை போலும். சந்தா முடிகிறது என்ற நினைவூட்டல் மட்டும் தவறாமல் வருகிறது, நன்றி.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சீசன் தொடங்கும் முன் வரும் இதழில், கண்ணில் படுகிற இடத்தில், அந்தக் கைக்குட்டை வரி தவறு என்று ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். என் பெயர்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
பென்சில்வேனியா