இசே ஆலயத்தின் பழைய மரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜப்பானின் பூர்வீக மதமான ஷிண்டோவின் இசே ஆலயம் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே அளவில் புதுச் சந்நிதி எழுப்பி, சூரிய தேவி அமதெராசுவை இரவில் அங்கே எழுந்தருளச் செய்து, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். சரி, பிரித்த மரமெல்லாம் வீண்தானே என்று கட்டுரையாளர் வருத்தப்பட்டிருந்தார். அது அப்படியில்லை.

கூரை முகட்டைத் தாங்கும் பெரிய தூண்கள் இழைக்கப்பட்டு, ஆலய நுழைவில் உள்ள உஜி பாலத்தின் இரு முனைகளிலும் தோரண வாயில்களாக நிற்கும். அங்கே 20 ஆண்டு. அப்புறம் பழைய யாத்திரைப் பாதையில் உள்ள செகி, குவானா ஊர்களுக்குப் போய் மறுபடி தோரணமாக இன்னொரு 20 ஆண்டு. மற்ற மரங்களைப் பல ஊர் ஆலயங்கள் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. 2013 திருப்பணியில் கழித்த மரம், 2011 சுனாமியில் சிதைந்த வடகிழக்கு ஜப்பான் ஆலயங்களுக்கும் போனது.

இன்னொன்று. 690இல் தொடங்கிய வழக்கம் இடைவிடாமல் நடப்பதாக எழுதியிருந்தார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் 120 ஆண்டுகளுக்கு மேல் சந்நிதி புதுப்பிக்கப்படவே இல்லை. அதை மீட்டவர்கள் யார் தெரியுமா? கெய்கோஇன் மடத்து பௌத்த பிக்குணிகள்! செய்ஜுன் என்ற பிக்குணி ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டியதால் இசேயின் இரு பெரிய ஆலயங்களில் ஒன்றான வெளி ஆலயம் 1563இல் எழுந்தது. அவருக்குப் பின்வந்த ஷூயோவின் முயற்சியில், அன்றைய படைத்தலைவர்கள் நொபுனாகா, ஹிதேயோஷி போன்றோர் பணம் கொடுக்க, 1585இல் அமதெராசுவின் உள் ஆலயமும் புதுப்பிக்கப்பட்டது. ஷிண்டோ ஆலயத்துக்காக பௌத்தத் துறவிகள் கையேந்திய கதைக்குக் கட்டுரையில் ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

மரம் வெட்டுவதிலும் ஒரு முறை உண்டு. கிசோ மலைக்காட்டில் ஹினோகி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரத்தை மூன்று பக்கமிருந்து கோடரியால் குடைந்து, மூன்று கால்களில் நிற்பதுபோல் விட்டு, கடைசியில் ஒன்றை வெட்டிச் சாய்க்கிறார்கள். விழுந்த மரத்தின் நுனிக் கிளையை அடிக்கட்டையில் செருகிக் கும்பிடுகிறார்கள். 1923இல் ஆலயத்தின் சொந்தக் காட்டில் தொடங்கிய 200 ஆண்டு மரம் வளர்ப்புத் திட்டத்தால், 2013இல் தேவைப்பட்டதில் ஏறக்குறைய கால் பங்கு அங்கிருந்தே கிடைத்தது.

அடுத்த திருப்பணி 2033இல். அதற்கான மரம் வெட்டும் சடங்கு 2025 ஜூனிலேயே நடந்துவிட்டது. 2026, 2027இல் ஊர்க்காரர்கள், நம் ஊரில் தேர் இழுப்பதுபோல, கயிறு கட்டி மரங்களை இழுத்துவரும் விழா. அதையும் எழுதுங்கள்.

- ஒரு வாசகர், காரைக்குடி