பொக்கிப்ஸிக்குப் புறப்படும் கதிருக்கு

அன்புள்ள கதிர்,

அமெரிக்காவின் பொக்கிப்ஸி ஊரில் நீ சேரப்போகும் வாசர் கல்லூரியைப் பற்றி, "வாசரா? அது பொம்பளைப் பிள்ளைங்க காலேஜாச்சே" என்று பெரியப்பா கேட்டதும் உன் முகம் வாடியது. அவர் சொன்னது 1969 வரை உண்மை. அதற்கு நீ கூச்சப்பட வேண்டாம்.

பீர் ஆலை நடத்திய மாத்யூ வாசர், தன் சொத்தில் பாதியை, 4,08,000 டாலரும் 200 ஏக்கர் நிலமுமாக, 1861இல் பெண்கள் படிப்புக்காகக் கொடுத்தார். 1865இல் 353 மாணவிகளோடு கல்லூரி திறந்தது. பெண்களுக்கு நல்ல பள்ளிகள் அரிதாக இருந்த காலம்; வந்தவர்களில் பலருக்கு அடிப்படையே போதவில்லை. அதனால் 1888 வரை கல்லூரிக்குள்ளேயே ஆயத்த வகுப்புகளும் நடந்தன. முதலில் அமர்த்தப்பட்ட பேராசிரியர் மரியா மிட்செல், வால்நட்சத்திரம் கண்டுபிடித்த வானியலாளர். பாடப்புத்தகத்தோடு நிறுத்தாமல் மாணவிகளைத் தொலைநோக்கியின் முன் நிறுத்தினார். கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருளுக்குச் சான்று கண்ட வேரா ரூபின், அதே கல்லூரியில் 1948இல் வானியல் பட்டம் பெற்றவர்தான்.

1966இல், அதுவரை இளங்கலைக்கு ஆண்களை மட்டுமே சேர்த்த யேல் பல்கலைக்கழகம் அழைத்தது: எங்கள் ஊரான நியூ ஹேவனுக்கு இடம் பெயர்ந்து எங்களோடு சேருங்கள் என்று. ஏறத்தாழ ஓராண்டு ஆராய்ந்த பிறகு, 1967 நவம்பரில் அறங்காவலர்கள் மறுத்துவிட்டார்கள். ஆனால் சும்மா இருக்கவும் முடியாது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் இடத்தையே மாணவிகள் தேடத் தொடங்கியிருந்தார்கள். யேலும் பிரின்ஸ்டனும் 1969இல் இளங்கலைக்குப் பெண்களைச் சேர்த்தன. அதே ஆண்டு வாசர் தன் ஊரில், தன் பெயரிலேயே ஆண்களைச் சேர்த்துக்கொண்டது. யேலின் ஒரு கிளையாகக் கரைந்து போயிருந்தால் இன்று நீ சேர இப்படி ஒரு கல்லூரி இருந்திருக்காது. அந்த மறுப்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இன்றும் அங்கே பெண்களே அதிகம். இப்படிக் கலப்புக் கல்லூரியான இடங்களில் வழக்கமாக நேரும் கோளாறு ஒன்று உண்டு: எண்ணிக்கையில் குறைந்த பையன்கள் வகுப்பில் அதிகம் பேசுவார்கள், மன்றப் பதவிகளும் அவர்களிடமே போய்ச் சேரும். சிறு வகுப்பு என்பதால் ஒருவனே பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்கு நேரம் இருக்காது. நீ ஒருமுறை பேசினால், வேறு இருவர் பேசும் வரை பொறு. யாராவது இடைமறிக்கப்பட்டால் "அவங்க முடிக்கட்டும்" என்று சொல். முந்தின இரவே பாடத்தைப் படித்து, கேட்க வேண்டிய இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு போ.

எல்லாருக்கும் பொதுவான பாடத்திட்டம் கிடையாது, கட்டாயம் மூன்றே. முதலாண்டில் எழுத்துப் பயிற்சி வகுப்பு ஒன்று, மூன்றாம் ஆண்டு தொடங்கும் முன் கணக்கு சார்ந்த பாடம் ஒன்று, ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியில் தேர்ச்சி. உன் தமிழ் இதற்குச் செல்லுமா என்று முதல் வாரமே டீன் அலுவலகத்தில் கேள். முதன்மைப் பாடத்தை நான்காம் பருவம் முடிவதற்குள் அறிவித்தால் போதும். இந்தச் சுதந்திரத்தில்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். இயற்பியல், வேதியியல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பாடங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று முதல் பருவத்தை விட்டால் கடைசி ஆண்டில் இடிக்கும். உனக்கு இயற்பியலில் பாதி மனசு இருந்தாலும் இப்போதே எடு. பிடிக்காவிட்டால் விடுவது எளிது, பிந்திச் சேர்வதுதான் கடினம்.

நியூயார்க் நகரின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் மெட்ரோ நார்த் ரயில் ஏறு. ஏறத்தாழ இரண்டு மணி நேரம், பொக்கிப்ஸிதான் கடைசி நிறுத்தம். இடப்பக்க ஜன்னலோரம் உட்கார், ஹட்சன் ஆறு கூடவே வரும். நூலகத்தில் பெரிய வண்ணக்கண்ணாடி ஜன்னல் ஒன்று இருக்கிறது: 1678இல் இத்தாலியின் பதுவாவில் முனைவர் பட்டம் பெறும் எலெனா கொர்னாரோ, அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். அதைப் படம் எடுத்துப் பெரியப்பாவுக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா