பிரம்மதேசத்தில் ராஜேந்திர சோழன் நினைவாகத் தண்ணீர்ப் பந்தல்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கங்கை வரை படை அனுப்பியவர், 1025இல் கடாரத்துக்குக் கப்பல் விட்டவர், கங்கைகொண்ட சோழபுரத்தையும் சோழகங்கம் ஏரியையும் உண்டாக்கியவர் முதலாம் ராஜேந்திர சோழன். அவர் எங்கே இறந்தார் என்று கேட்டால், பொன்னி நதிக் கரையில் ஏதோ ஓர் ஊரைத்தான் பலரும் நினைப்பார்கள். ஆனால் அவர் கண் மூடியது தொண்டை மண்டலத்தில், திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு பக்கம் இருக்கும் பிரம்மதேசத்தில். இதே பெயரில் விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரத்துக்கு அருகே ஓர் ஊர் உண்டு, அம்பாசமுத்திரத்துக்கு அருகே இன்னொன்று உண்டு. வருகிறவர்கள் வழி மாறிப் போய்விடுகிறார்கள். நாட்டேரி பிரம்மதேசம் என்று கேட்டு வாருங்கள்.

இந்தச் செய்தி நமக்குக் கிடைத்ததே ஒரு தண்ணீர்ப் பந்தலால்தான். ஊர்ச் சந்திரமௌலீஸ்வரர் கோயிலில் ராஜேந்திரரின் மகன் ராஜாதிராஜனின் 26ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1044ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பல நூற்றாண்டுகள் யாரும் படிக்காமல் கிடந்த அதை 1915இல் கல்வெட்டு ஆய்வாளர்கள் படியெடுத்தார்கள். ராஜேந்திரர் இறந்ததையும், அரசி வீரமாதேவி உடன் உயிர்விட்டு அதே இடத்தில் அடங்கியதையும் அது சொல்கிறது. அரசியின் தம்பியோ அண்ணனோ, உடன்பிறந்தவரான சேனாபதி மதுராந்தகன் பரகேசரி வேளான், அரசியின் நினைவாக இங்கே தண்ணீர்ப் பந்தல் வைக்க அறக்கொடை கொடுத்தார். கல்வெட்டு வெட்டப்பட்டதே அந்தக் கொடையைப் பதிவு செய்யத்தான். சக்கரவர்த்தியின் மரணம் அதற்குள் ஒரு விவரமாக வந்து போகிறது.

அந்தப் பந்தலை மீண்டும் வைக்க வேண்டும் என்பதே எங்கள் குழுவின் விருப்பம். இந்த வேண்டுகோள் அதற்காகத்தான்.

சிலை வைக்கலாம், மணிமண்டபம் கட்டலாம் என்று நல்ல மனதோடு சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த மரணங்களுக்குப் பிறகு நினைவாக இந்த ஊரில் எது செய்யப்பட்டது என்பதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. வேறொன்றை ஏன் தேட வேண்டும்? வெயிலில் வருகிறவருக்குத் தண்ணீர் கொடுப்பதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ராஜேந்திரரின் சமாதி இதுதான் என்று எந்த இடத்தையும் காட்டி நாங்கள் பணம் கேட்கவில்லை. கல்வெட்டு ஊரைச் சொல்கிறதே தவிர, இந்தக் கல்லுக்குக் கீழே என்று குறித்துக் காட்டவில்லை. சந்திரமௌலீஸ்வரர் கோயிலே பள்ளிப்படை, அதாவது மறைந்தவர் அடங்கிய இடத்தில் எழுப்பிய கோயில், என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தக் கோயிலோ ராஜேந்திரருக்கு முன்பிருந்தே இருப்பது. மேல்பாடியில் அரிஞ்சய சோழருக்கு ராஜராஜர் எடுத்தது போலவோ, தொண்டைமானாட்டில் முதலாம் ஆதித்தருக்குப் பராந்தகர் எடுத்தது போலவோ தனிப் பள்ளிப்படைக் கோயில் இங்கே நம் கண்ணில் படவில்லை. சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்குப் பட்டீஸ்வரம் அருகே பள்ளிப்படை எழுப்பியவர் ராஜேந்திரர். அவருக்கென்று இங்கே மிஞ்சியிருப்பவை சில வரிகள் மட்டுமே என்பது எங்களை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ராஜராஜருடைய இடம் உடையாளூரா என்ற வாதம் நீதிமன்றம் வரை போய் வந்ததை எல்லோரும் அறிவோம். அந்த மாதிரி அவசரமும் சண்டையும் இங்கே வேண்டாம். தோண்டுவதும் தேடுவதும் தொல்லியல் துறையின் வேலை. என்றைக்காவது அவர்கள் வந்தால் ஊரே கூட நிற்கும்.

அரசி உயிர்விட்ட விதத்தைப் போற்றுவதற்கும் இந்தப் பந்தல் அல்ல. ஒரு பெண்ணின் வாழ்க்கை அப்படி முடிந்தது வேதனைதான். உடன்பிறந்தவள் போன பிறகு அந்த இடத்தில் தண்ணீர் வைத்தாரே வேளான், அந்த மனம்தான் எங்களுக்கு முக்கியம்.

சரி, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்கிறோம். கோயில் வளாகத்துக்குள் எதையும் தொடப் போவதில்லை. வெளியே சாலையோரம், உரிய அனுமதியோடு, ஓட்டுக் கூரையும் திண்ணையும் கொண்ட ஒரு பந்தல். சித்திரை வைகாசிக்கு மட்டும் இல்லை, ஆண்டு முழுக்க மண்பானைத் தண்ணீர், கோடையில் நீர்மோர். பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது. அப்புறம், கல்வெட்டின் செய்தியைப் பள்ளிப் பிள்ளைகள் வாசித்துப் புரிந்துகொள்ளும் எளிய தமிழில் சொல்லும் ஒரு பலகை. இப்போது ராஜேந்திரரைத் தேடி வருகிறவர்கள் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கோயிலைச் சுற்றிவிட்டுப் போகிறார்கள்.

செலவைக் கணக்கிட இதே பகுதியில் உள்ள உக்கல் கல்வெட்டே எங்களுக்கு வழிகாட்டி. ராஜராஜரின் 29ஆம் ஆட்சியாண்டில் அங்கே கிணறும் தொட்டியும் தண்ணீர்ப் பந்தலும் வைத்தவர், கட்டியதோடு விட்டுவிடவில்லை. தண்ணீர் இறைப்பவருக்கு, பந்தலில் ஊற்றிக் கொடுப்பவருக்கு, பானை தருபவருக்கு, பழுது பார்ப்பதற்கு என்று தனித்தனியாக ஏற்பாடு செய்தார். நல்ல நாளில் திறந்து, மாலை போட்டு, படம் எடுத்து, ஆறே மாதத்தில் பானை உடைந்து கிடக்கும் பந்தல்களை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கதி இதற்கு வரக்கூடாது.

ஆகவே பந்தலும் பலகையும் அமைக்க 3 லட்சம் ரூபாய். அது ஒரு தடவைச் செலவு. அதைவிடப் பெரிய தொகை, வைப்புநிதியாக 25 லட்சம் ரூபாய். சோழர் கால அறக்கொடைகளில் செய்தது போலவே முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் பந்தல் நடக்கும். பந்தலைப் பார்த்துக்கொள்ள ஊர்ப் பெண் ஒருவருக்குச் சம்பளம், மண்பானைகளுக்கான விலை, மோருக்கான செலவு, கூரை பழுது எல்லாம் அதிலிருந்துதான். வட்டி மிஞ்சினால் முதல் தொகையோடு சேர்த்துவிடுவோம்.

2012இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டி மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகளை எடுத்தார்கள். தோண்டுவதற்கு முன் பணம் குறைந்தபோது கைகொடுத்தவர்கள், பல நாடுகளிலிருந்து சிறு சிறு தொகை அனுப்பிய சாதாரண ஆர்வலர்கள். போரில் தோற்ற ஒரு மன்னருக்காக அவர்கள் அதைச் செய்தார்கள். நம்மாலும் முடியும்.

நூறு ரூபாயும் எங்களுக்குப் பெரிது. குடும்பத்தில் மறைந்தவர் நினைவாக ஒரு நாள் மோர்ச் செலவை ஏற்கலாம். பணம் கொடுக்க முடியாதவர்கள் ஓடு, மரம், பானை தரலாம், கட்டுமான நாட்களில் கை உழைப்பும் தரலாம். ஒவ்வொரு தொகைக்கும் எண்ணிட்ட ரசீது உண்டு. ரொக்கத்தைக் குழு உறுப்பினர் இருவர் சேர்ந்திருக்கும்போது மட்டும் கொடுங்கள். தனியாக வந்து கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம், அவர் எங்கள் ஆளாகவே இருந்தாலும் சரி. நன்கொடையாளர் பெயரைக் கல்லில் பொறிக்க மாட்டோம். வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் ராஜேந்திரர் பிறந்த நட்சத்திரமான ஆடித் திருவாதிரை அன்று ஊர்க் கூட்டத்தில் வாசித்து, பந்தலிலேயே ஒட்டி வைப்போம்.

அடுத்த சித்திரைக்குள் முதல் பானை வைக்க வேண்டும். தை முடிவதற்குள் உங்கள் பங்கைத் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தண்ணீர்ப் பந்தல் குழுவினர்,
பிரம்மதேசம்