பாரிசிலிருந்து அண்ணனுக்கு: நடுவில் கீல் வைத்த மண்டை

பாரிஸ்
14 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அங்கே அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் நலம்தானே. இங்கே இப்போது எட்டரைக்கு மேல்தான் விடிகிறது, ஐந்துக்குள் இருட்டிவிடுகிறது. வேலைக்குப் போவதும் வருவதும் தெருவிளக்கில்தான். லா ஷப்பேல் பக்கத்துக் கடைகளில் முருங்கைக்காயிலிருந்து கருவாடு வரைக்கும் கிடைக்கிறது. அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

"மீன் வெட்டத்தான் காரைக்காலை விட்டுப் போனியா" என்று போனில் கேட்டீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம். உங்கள் கையில் ஒரு கொடுவாத் தலை இரண்டு நிமிடம். இங்கே ஆராய்ச்சிக்காக அறுக்கும் ஒரே ஒரு தலைக்கு மாதக்கணக்கு. அதிலும் இடப்பக்கம் மட்டும்தான் அறுப்போம், வலப்பக்கம் தொடாமல் அப்படியே இருக்கும். பின்னால் யாருக்காவது சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டுமே.

மீனின் பெயர் சீலகாந்த். டைனோசரோடு அழிந்துபோனது என்று எல்லாரும் நினைத்திருக்க, 1938 டிசம்பர் 22 அன்று தென்னாப்பிரிக்காவில் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்துக்கு வந்த இழுவைப் படகில் ஒன்று கிடந்தது. அருங்காட்சியகத்து மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் அதை அடையாளம் கண்டு காப்பாற்றினார். ஆனால் தோலைத்தான் பாடம் பண்ண முடிந்தது, உள்ளே இருந்ததெல்லாம் அழுகிப் போயிற்று. அடுத்தது 1952இல் கொமொரோ தீவில் கிடைத்தது. அந்தத் தீவுகள் அப்போது பிரான்சின் கையில் இருந்ததால் அதற்குப் பின் பிடிபட்டவை பலவும் பாரிசுக்கே வந்தன. மியோ, ஆந்தோனி என்ற இருவர் அறுத்துப் பார்த்து 1958 முதல் தடித்தடியாகப் புத்தகம் போட்டார்கள்.

நீங்கள் குழம்புக்கு மண்டையை நெடுக்காகப் பிளப்பீர்கள், ஒரே பெட்டியாக இருக்கும். இந்த மீனுக்கு மண்டை ஓடு குறுக்கே இரண்டு துண்டு. மூக்கும் கண்ணும் முன்துண்டில், காதும் பிடரியும் பின்துண்டில். நடுவில் கதவுக்கீல் மாதிரி ஒரு மூட்டு. இன்று உயிரோடு இருக்கும் முதுகெலும்பிகளில் வேறு எதற்கும் இது இல்லை. பழைய காலத்து உறவுக்கார மீன்களுக்கு இருந்தது, கால் முளைத்துக் கரையேறிய வம்சத்தில் இரண்டு துண்டும் ஒட்டிப்போயிற்று. நம் மண்டை அந்த ஒட்டிப்போன வகை.

மூட்டுக்கு அடியில் முதுகெலும்புக்குப் பதிலாக ஒரு குழாய் வந்து முட்டுகிறது. கெட்டி உறை, உள்ளே திரவம். மூளையோ, வளர்ந்த மீனில் மூளை அறையின் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்குதான்! மீதியெல்லாம் கொழுப்பு. ஆள் உயர மீனுக்கு இவ்வளவு சின்ன மூளையா என்று அறுக்கும் ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

செவுள் வளைவுகளை எடுத்துவிட்டு அண்ணத்துத் தோலை உரித்தால், மூட்டைத் தாண்டிப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தடித்த சதை ஓடும். அது சுருங்கினால் முன்துண்டு கீழே இறங்கும். கன்னத்துச் சதை கீழ்த்தாடையை மேலே இழுக்கும். பாக்குவெட்டியின் இரண்டு பிடியையும் சேர்த்து அழுத்துகிற மாதிரி, கடி மேலிருந்தும் விழுகிறது. இதில் எனக்குப் பிடித்தது நரம்புதான். அந்தச் சதைக்கு வருவது ஆறாம் மண்டை நரம்பு. நம் கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிற அதே நரம்பு! சதை எங்கே ஒட்டியிருக்கிறது என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், எந்த நரம்பு வருகிறது என்று பார்த்தால்தான் அதன் பூர்வீகம் தெரியும். அதனால் நரம்பை வெட்டாமல் சதையைப் பிரிக்க வேண்டும். நேரம் போவது அங்கேதான்.

இந்த வருடம் பிரேசிலின் அலெசியோ தத்தோவோவும் அமெரிக்காவின் டேவிட் ஜான்சனும் இந்த மீனின் தலையைப் பற்றி எழுதிய கட்டுரை வெளிவந்தது. பழைய புத்தகங்களில் தலைச்சதை என்று எழுதியிருந்தவற்றில் பதினொன்று சதையே இல்லையாம், வெறும் லிகமென்ட். பந்து ஆடி முழங்காலில் பிய்த்துக்கொண்டால் டாக்டர் சொல்வாரே, அந்த நார். நார் தானாகச் சுருங்காது, இழுத்தால் தாங்கும், அவ்வளவுதான். வாயை அகட்டித் தண்ணீரோடு இரையை உறிஞ்சும் வேலைக்கு உதவுவதாக எண்ணியிருந்த சதைகளும் அதில் அடக்கம். ஆக, உறிஞ்சித் தின்னும் அந்த ஏற்பாடு கொடுவா, கெண்டை வம்சத்தில் தனியாகப் பின்னால் வந்தது என்று கணக்கு மாறுகிறது. அறுபது வருடமாக ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. அழுகாமல் இருக்க ஊற வைக்கும் பார்மலின் மருந்தில் கிடந்த மீனில் சதையும் நாரும் ஒரே பழுப்பு நிறம். கடையில் வாங்கும் பார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. பெரிய மீனை அதில் முக்கினால் மட்டும் போதாது. தடித்த சதைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் ஊசி போட்டு ஏற்றாவிட்டால் வெளியே கெட்டியாகி உள்ளே அழுகும். பார்மலின் நாளாக நாளாகப் புளிக்கும், எலும்பின் சுண்ணாம்பைக் கரைக்கும். அதனால் வெங்காரம் கொஞ்சம் சேர்ப்போம். அப்புறம் தண்ணீரில் அலசி, சாராயத்தைப் படிப்படியாகக் கூட்டி 70 சதவீதத்தில் நிறுத்த வேண்டும். நேரே அதிகச் சாராயத்தில் போட்டால் சதை சுருங்கி எலும்பை விட்டு விலகும். அந்த இடைவெளியை இயற்கையான பிளவு என்று படம் போட்டுவிடுகிற ஆபத்து உண்டு.

சதையா நாரா என்று சந்தேகம் வந்தால் அயோடின். அயோடின் ஒரு பங்குக்குப் பொட்டாசியம் அயோடைடு இரண்டு பங்கு, தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் தொட்டு வைக்க வேண்டும். சில நிமிடத்தில் சதை கரும்பழுப்பாகும், நார் வெளிறியே நிற்கும். அதிகமாகிவிட்டால் சோடியம் தயோசல்பேட்டில் கழுவலாம். அடுக்கடுக்காகப் பிரிப்பதால் ஒவ்வோர் அடுக்கிலும் திரும்பப் பூச வேண்டும், படம் எடுத்த பிறகுதான் அடுத்த அடுக்கு. கத்தரிக்கோலை விட மழுங்கின ஊசிதான் நல்லது, இழை போகிற திசையிலேயே போகும். புதிதாக வருகிறவர்கள் கத்தியைத்தான் எடுப்பார்கள். அவர்களுக்குச் சந்தையில் வாங்கிய காட் மீன் தலைதான் முதலில். சீலகாந்த் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு இல்லை, உலக வணிகத் தடைப் பட்டியலில் இருப்பது.

அண்ணே, ஒரு வேலை. அடுத்த முறை கொடுவா வெட்டும்போது ஒரு தலையைத் தனியாக வையுங்கள். கன்னத் தோலை மட்டும் உரித்துவிட்டு, செவுள் மூடியைத் தூக்கிப் பிடித்து, கண்ணுக்குப் பின்னால் மேலிருந்து இறங்கும் சதை தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் இரண்டு படம் எடுத்து அனுப்புங்கள். ஐஸில் ஒரு நாளுக்கு மேல் கிடந்தது வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி