மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வாசக்டமிக்கு, அதாவது ஆம்பளைக்குச் செய்கிற குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு, எப்போது வருகிறாய் என்று போனில் கேட்டால் "சரிக்கா, பாப்போம்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுத்தில். மேலூர்ப் பக்கம் நான் நர்ஸாகச் சுற்றுகிற ஊர்களிலும் இதே "சரிக்கா"வைச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் வராத தம்பிகள் நிறைய. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன். உன் பேரைப் போடவில்லை, பயப்படாதே.

வாசக்டமி செய்துகொள்கிறேன் என்று நீயாகத்தான் சொன்னாய். சின்னவள் எடை குறைவாகப் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது, பிள்ளை தங்குமோ தங்காதோ என்ற பயத்தில், உன் வீட்டுக்காரிக்கு அன்றைக்கே குடும்பக் கட்டுப்பாடு செய்ய வேண்டாம் என்று அம்மா தடுத்துவிட்டாள். இப்போது அந்தக் குட்டி தெருவையே அளக்கிறது. இரண்டு பிரசவமும் சிசேரியன். அதே வயிற்றில் மூன்றாம் தடவையும் எதற்குக் கத்தி, நானே செய்துக்கிறேன் என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம் விஷயம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டது. "காயடிச்ச மாடா ஆகப் போறியாடா?" என்று ஒருத்தன். "உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?" என்று இன்னொருத்தன். இதைக் கேட்டவனும் சித்திரைத் திருவிழா எட்டாம் நாள் மீனாட்சி பட்டாபிஷேகத்துக்கு முண்டியடிக்கிறவனாகத்தான் இருப்பான். சித்திரை தொடங்கி நாலு மாதம் ஊரே அவள் செங்கோலுக்குக் கீழே இருக்கலாமாம். வீட்டுக்குள் மட்டும் பொம்பளை பேச்சு எடுபடக் கூடாதாம்.

அந்தக் காயடிச்ச மாட்டுப் பேச்சைத்தான் சும்மா விட முடியவில்லை. பாலமேட்டுக்கும் அலங்காநல்லூருக்கும் காளை கொண்டுபோகிற ஊர்க்காரர்களுக்கு மாட்டைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. காயடிக்கும்போது இடுக்கி போட்டு விதைக்குப் போகிற ரத்தக் குழாயையே நசுக்குகிறார்கள். விதை சுருங்கிப்போகிறது, காளையின் முறுக்கும் அதோடு போகிறது. வாசக்டமியில் விதையைத் தொடுவதே இல்லை. விந்தணு வருகிற குழாய், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கிறது. அதை மட்டும் வெட்டிக் கட்டுகிறார்கள். மீசை வளர்க்கிற, ஆசையைக் கொடுக்கிற ஹார்மோனை விதை எப்போதும் போலச் சுரந்து ரத்தத்தில் கலந்துகொண்டேதான் இருக்கும். வெளியே வருகிற திரவத்தில் விந்தணுவின் பங்கு மிகவும் கொஞ்சம் என்பதால் அதிலும் உனக்கு வித்தியாசம் தெரியாது. இவ்வளவுதான் சமாசாரம். மாடு வளர்க்கிற ஊர்க்காரனே இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் அதைக் கேலி என்று விட முடியுமா?

கேலிக்குப் பயப்பட்டதற்காக உன்னைக் கோழை என்று சொல்லமாட்டேன். லோடுமேன் பிழைப்பு எனக்கும் தெரியும். இவனுக்கு இடுப்பில் வலு இல்லை என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் கூட்டு வேலைக்குக் கூப்பிட யோசிப்பார்கள். ஆம்பளை என்ற பேர் அங்கே கூலியோடு சேர்ந்தது. அதனால்தான் அந்தப் பேச்சு உன்னை இவ்வளவு கடிக்கிறது.

அம்மாவும் இதைத்தான் பிடித்துக்கொண்டாள். "உழைக்கிற உடம்பு, அவன் எதுக்குச் செய்யணும்?" என்கிறாள். தண்ணீர்க் குடமும், நூறு நாள் வேலையில் மண் சட்டியும் தூக்குகிறது யார் உடம்பாம்? ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். புருஷன் செய்துகொண்டது 0.1 சதவீதம். வயிற்றைத் திறக்கிற ஆபரேஷன் அத்தனை பேருக்கு. ஊசித் துளையில் முடிகிறது ஆயிரத்தில் ஒருத்தருக்கு.

ஆம்பளைகள் என்றைக்குமே இப்படித்தான் இருந்தார்கள் என்று நினைக்காதே. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த முகாமில் ஒரே மாதத்தில் 60,000 பேருக்கு மேல் வாசக்டமி செய்துகொண்டார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில்தான் எல்லாம் கெட்டது. 1976–77-ல் நாடு முழுவதும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு ஆபரேஷன் நடந்தது. வடக்கே பல ஊர்களில் பிடித்துக்கொண்டு போயே செய்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. அதற்கப்புறம் அரசாங்கமும் ஆம்பளையை விட்டுவிட்டுப் பொம்பளை பக்கமே திரும்பிக்கொண்டது.

இனி உன் விஷயம். மரத்துப்போக ஒரு ஊசி, சின்னத் துளை, தையல் கிடையாது, இருபது நிமிஷம். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் மூட்டையும் சைக்கிளும் வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் செலவில்லை; 1,100 ரூபாய் அவர்கள்தான் தருவார்கள். இது நிரந்தரம். திரும்ப இணைக்க முயற்சி பண்ணலாம், பலிக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. அதனால் இனிப் பிள்ளை வேண்டாம் என்று இரண்டு பேரும் உறுதியாக இருந்தால் மட்டும் வா.

ஒன்றை மட்டும் தலையில் ஏற்றிக்கொள். ஆபரேஷன் முடிந்ததும் பலன் வந்துவிடாது. குழாயில் மிச்சம் இருப்பது தீர மூன்று மாதம் ஆகும். அதுவரைக்கும் ஆணுறை. அப்புறம் விந்துப் பரிசோதனை செய்து, விந்தணு இல்லை என்று ரிப்போர்ட் வந்தால்தான் முடிந்தது. இதை அலட்சியம் பண்ணிவிட்டு இடையில் அவள் முழுகாமல் இருந்தால் உன்னை ஒருத்தனும் கேட்கமாட்டான். அவள் நடத்தையைத்தான் பேசுவார்கள். பேசிக் கேட்டிருக்கிறேன்.

புதன்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிடு. ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் எடுத்துக்கொள், இறுக்கமான ஜட்டி போட்டு வா. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மார்க்கெட்டில் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிக்கட்டுமா என்று கேட்டாயே. மூட்டை தூக்கி வருகிற வியாதி என்பதால் அதில் கௌரவக் குறைச்சல் இல்லை போலிருக்கிறது. சொல்லிக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த ஆபரேஷன் செய்தவனை டாக்டர் மாதக்கணக்கில் மூட்டையைத் தொடவிடமாட்டார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். எட்டாம் நாளே நீ வெங்காய மூட்டையைத் தோளில் ஏற்றினால் என்ன பதில் சொல்வாய் என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா