கைராசி இல்லை என்று சொன்ன அண்ணன் மகளுக்கு

கோத்தகிரி,
தை மாதம்.

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்ன ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. "எனக்குக் கைராசி இல்லீங்க அத்தை. நான் போட்டா எதுவும் மொளைக்காது." சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிட்டாய். ஊட்டிக்கு மாற்றலாகி வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு லீவு விட்ட அன்று ஆசை ஆசையாக உட்கார்ந்து, நாற்றுத் தட்டு நிறையத் தேங்காய் நார்க்கழிவும் மண்ணும் எருவும் கலந்து, தக்காளியும் கொத்தமல்லியும் போட்டிருக்கிறாய். 25 நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்படியே கொட்டியும்விட்டாய். இதற்கு உன் கை என்ன செய்யும்?

போனில் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உன்னைக் கேட்டுவிட்டுத்தான் எல்லாரும் படிக்கிற மாதிரி போடுகிறேன். இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு மண்ணைத் தொடாமலே இருக்கிற இன்னும் நாலு பேர் படிக்கட்டும்.

தக்காளி விதைக்கு மண்ணில் 25 டிகிரி சூடு இருந்தால் ஆறே நாளில் முளைத்துவிடும். 15 டிகிரி என்றால் இரண்டு வாரம். 10 டிகிரிக்கு இறங்கிவிட்டால் 40 நாளுக்கு மேல். நம் மேட்டுப்பாளையத்தில் எந்த மாசத்தில் போட்டாலும் ஒரு வாரத்தில் தலைகாட்டும், அதைப் பார்த்துத்தான் நீயும் நானும் வளர்ந்தோம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மார்கழி ராத்திரியில் குளிர் 5 டிகிரிக்கும் கீழே போகிற ஊர். காலையில் புல்வெளி உப்புத் தூவின மாதிரி உறைபனியில் வெளுத்துக் கிடப்பதை நீயே போட்டோ எடுத்து அனுப்பினாயே. அந்த வாரம்தான் உன் தட்டு பால்கனியில் இருந்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாவரவியல் பூங்காவுக்குப் போய்ப் பார். 1848-இல் தொடங்கிய தோட்டம் அது. அங்கே தலைமுறை தலைமுறையாகச் செடியோடு பழகினவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களே பனிக்காலத்தில் நாற்றுகளைத் திறந்தவெளியில் விடமாட்டார்கள். கோத்தகிரி மிலார் என்று ஒரு செடி, அதன் கொப்புகளை வெட்டிவந்து பாத்தியில் வரிசையாகக் குத்தி நாற்றுக்குக் குடை பிடிப்பார்கள். அவர்களுக்குக் கைராசி இல்லாமலா அப்படிச் செய்கிறார்கள்? பனி என்ன செய்யும் என்று தெரிந்து செய்கிறார்கள்.

எனக்கும் இதே வார்த்தை விழுந்திருக்கிறது, உனக்குத் தெரியாது. கல்யாணமாகி இங்கே வந்த முதல் வருஷம், ஒரு பழைய மரப்பெட்டியில் முட்டைக்கோசு விதை போட்டேன். அடர்த்தியாக, பச்சைப் பாய் விரித்த மாதிரி முளைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊர்ப் பழக்கத்தில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன், குளிருமே என்று ராத்திரியில் சாக்கு போட்டு மூடினேன். ஐப்பசி மழையும் மூடுபனியும் சேர்ந்த சமயம். ஒருநாள் விடிந்து சாக்கை எடுத்தால் ஒரு மூலை மொத்தமும் படுத்துக் கிடக்கிறது. இலையெல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. மண்ணைத் தொடுகிற இடத்தில் மட்டும் தண்டு கருத்து நூலாக இளைத்துப்போயிருந்தது. மூன்றே நாளில் பெட்டி காலி. வீட்டில் ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்தபடி சொன்னார், "இவளுக்குக் கைராசி இல்ல, இனி மண்ணத் தொட வேண்டாம்." நாலு வருஷம் நான் தொடவில்லை, கண்ணு. நாலு வருஷம்.

அது நாற்றழுகல். மண்ணில் இருக்கிற பூஞ்சைகள் செய்கிற வேலை. நெருக்கமாக விதைத்து, ஓயாமல் ஈரம் வைத்து, காற்றுப் படாமல் மூடினால் யார் போட்ட நாற்றும் சாயும். இடைவெளி விட்டு விதைத்து, காலையில் ஒரு வேளை மட்டும் தண்ணீர் விட்டு, பகலில் திறந்து வைத்திருந்தால் பாதிக்குமேல் பிழைத்திருக்கும். விதையோடு கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து போட்டால் இன்னும் நல்லது, கெட்ட பூஞ்சையை அடக்குகிற நல்ல பூஞ்சை அது. உரக்கடையில் கேட்டால் கொடுப்பார்கள். இவ்வளவுதான் விஷயம். இதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்த நாலு வருஷம் எனக்கு மிஞ்சியிருக்கும். ஒரு பெண்ணைப் பார்த்து உனக்குக் கை ஆகாது என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பார்.

என்னைத் திரும்ப மண்ணில் உட்காரவைத்தது பக்கத்து வீட்டுப் படுகர் அம்மா. ஒருநாள் முந்தானையில் முடிந்து பத்துப் பீன்ஸ் விதை கொண்டுவந்து என் கையில் கொட்டினார். "இது எங்க மாமியா வெச்ச வெதை. போடு. வராட்டி ஏன் வரலேன்னு தோண்டிப் பாரு" என்றார். கடைசியில் சொன்னதைத்தான் நான் இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். தோண்டிப் பார்க்கலாம் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

அந்தப் பீன்ஸ் முளைத்த நாளைச் சொல்கிறேன். முதலில் மண்ணில் கூரைபோல ஒரு வெடிப்பு. மறுநாள் அந்த வெடிப்புக்குள் வெள்ளையும் பச்சையுமாக ஒரு கொக்கி தெரிந்தது, ஆள் குனிந்து மூட்டை தூக்கினால் முதுகு தெரியுமே, அதுபோல. தலை இன்னும் மண்ணுக்குள்ளே. மத்தியானம் வெயில் ஏறினபோது போய்ப் பார்த்தால் ஒரு பக்கத்து மண்கட்டியை நெம்பித் தள்ளியிருக்கிறது. சாயங்காலம் நான் டீ வைக்கிற நேரத்துக்குள் தலை வெளியே வந்துவிட்டது. இரண்டு பருப்பையும் தூக்கிக்கொண்டு, அதன் ஓரத்தில் விதைத்தோல் இன்னும் ஒட்டிக்கொண்டு நின்றது. அந்தத் தோலைக் கையால் எடுத்துவிடலாமா என்று விரலைக் கொண்டுபோனேன், எடுக்கவில்லை. மறுநாள் அதுவே உதறிவிட்டு இரண்டு இலையை விரித்தது. பட்டாணி இப்படிச் செய்யாது, அது பருப்பை மண்ணுக்குள்ளேயே வைத்துவிட்டுத் தண்டை மட்டும் அனுப்பும். அதை நான் தோண்டித்தான் தெரிந்துகொண்டேன்.

பத்தில் எட்டு முளைத்தது. வராத இரண்டையும் தோண்டினேன். ஒன்றில் வண்டு துளைத்த ஓட்டை. இன்னொன்றை நான் விரல் நீளத்துக்கு ஆழமாகப் புதைத்திருக்கிறேன், பாவம், பாதி வழி வந்து நின்றிருந்தது. எட்டு செடி வளர்ந்தது சந்தோஷம்தான். அந்த இரண்டு ஏன் வரவில்லை என்று தெரிந்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு ராத்திரி அந்தப் பழைய வார்த்தை என்னைவிட்டுப் போய்விட்டது.

"நாத்துப் பண்ணையில வாங்கி வெச்சுக்கலாமே அத்தை" என்று கேட்டாய். வாங்கு, தப்பில்லை, அவசரத்துக்கு நானும் வாங்குகிறேன். ஆனால் அந்த நாற்றின் முதல் முப்பது நாள் உனக்குத் தெரியாது. செடி வாடினால் என்ன குறை என்று யோசிக்க உன்னிடம் ஆதியே இருக்காது. விதையிலிருந்து வளர்த்த செடி முகம் சுருங்கினால் எனக்குக் காரணம் பிடிபட்டுவிடுகிறது, பிள்ளையைப் பெற்றவளுக்குப் பிடிபடுகிற மாதிரி.

ஒவ்வொரு விதைக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. உன் கொத்தமல்லியையே எடுத்துக்கொள். நாம் விதை என்று சொல்கிற அந்த உருண்டை ஒரு காய், உள்ளே இரண்டு விதை. செருப்புக் காலாலோ சப்பாத்திக் கட்டையாலோ மெல்லத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடவேண்டும். நீ முழுசாகப் போட்டாய், அதுவும் குளிரில். மூன்று வாரம்கூட எடுக்கும். கேரட்டைத் தட்டில் போட்டுப் பிடுங்கி நடாதே, ஆணிவேர் மடங்கினால் கிழங்கு இரண்டு காலாகப் பிரியும். நேராகப் பாத்தியிலேயே தூவு. லெட்டூஸ் மாதிரிப் பொடி விதைக்கு வெளிச்சம் வேண்டும், மேலே மண் போட்டு மூடாதே, விரலால் அழுத்திவிடு. மேரக்காயில், அதுதான் சௌசௌ, விதையைப் பிரித்தெடுக்கவே வேண்டாம். காய்க்குள்ளேயே முளைத்து நாக்கை நீட்டும், காயோடு சாய்த்துப் புதைத்தால் போதும். பீச் கொட்டைக்குக் குளிர் வேண்டும், ஈர மணலில் வைத்து இரண்டு மூன்று மாதம் ஃபிரிட்ஜில் கிடந்தால்தான் கண் திறக்கும். உன் தக்காளியை உறங்கவைத்த அதே குளிர்தான் பீச்சை எழுப்புகிறது.

சீகை மரம் பார்த்திருப்பாய், சீகைக்காய் இல்லை, வாட்டில் என்பார்களே அது, வெள்ளைக்காரர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதன் விதை தோல் கெட்டியாகி மண்ணுக்குள் பல பத்து வருஷம் சும்மா கிடக்கும். காட்டில் தீ பட்டால் தோல் வெடித்து மொத்தமாக முளைத்துவிடும். சோலைக்காட்டுக்கு அது பெரிய கேடு, அந்த வருத்தம் எனக்கு நிறைய உண்டு. ஆனாலும் ஒரு விதை அத்தனை வருஷம் உயிரைப் பிடித்துவைத்திருப்பதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

விதை எடுப்பதையும் கற்றுக்கொள். நம் அம்மாயி அரசாணி (பூசணி) விதையைச் சாணியில் அப்பிச் சுவரில் அடித்துவைப்பாரே, பூச்சி தொடாது என்று. தக்காளிக்கு வேறு முறை. நல்ல செடியில் முதலில் வந்த நல்ல பழத்தைச் செடியிலேயே நன்றாகப் பழுக்கவிட்டு, விதையைச் சாறோடு ஒரு டம்ளரில் பிழிந்து வை. ஒவ்வொரு விதையையும் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு வழுவழுப்பு இருக்கும், பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் காப்பது அதுதான். இரண்டு மூன்று நாளில் மேலே வெள்ளை ஆடை கட்டிப் புளித்த வாடை வரும், முகம் சுளிக்காதே. தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் பொக்கு விதை மிதக்கும், நல்லது அடியில் தங்கும். அலசிப் பீங்கான் தட்டில் நிழலில் காயப்போடு. காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். பாக்கெட்டில் ஹைபிரிட் என்று போட்டிருந்தால் மட்டும் அதிலிருந்து விதை எடுக்காதே, அடுத்த தலைமுறை தாயைப்போல வராது. எனக்கு நாட்டுரகம்தான் பிடிக்கும். என் பீன்ஸ் ஒன்பது வருஷமாக இதே முற்றத்தில் விளைந்து, இதே மூடுபனியில் நின்று, நான் பொறுக்கி எடுத்த விதை. இப்போது என் வீட்டுச் செடி என்று தைரியமாகச் சொல்லுவேன்.

இந்தக் கடிதத்தோடு கூரியரில் ஒரு கவர் வரும். அதில் பீன்ஸ் இருபது. பத்தை ஈரத்துணியில் சுற்றி அடுப்படியில் வைத்து எத்தனை முளை விடுகிறது என்று எண்ணிப் பார், மீதிப் பத்தைப் பங்குனிக்கு வைத்துக்கொள். பனி போனபிறகுதான் பீன்ஸும் தக்காளியும் வெளியே. அதுவரை கை சும்மா இருக்காது என்றால் பட்டாணி போடு, நாற்றுப் பருவத்தில் அது குளிரைத் தாங்கும். தட்டை ராத்திரியில் ஃபிரிட்ஜ் மேலே வை, அங்கே லேசான சூடு இருக்கும்.

இன்னொன்று. அந்தத் தட்டு மண்ணை எங்கே கொட்டினாய் என்று கேட்டதற்கு, வாசல் ரோஜாத் தொட்டியில் என்றாய். 25 நாள் என்பது அந்தக் குளிரில் தக்காளிக்குப் பாதி வழிதான். பங்குனியில் வெயில் ஏறும்போது ரோஜாவுக்கு அடியில் களை என்று எதையும் பிடுங்கிவிடாதே. இலையைக் கசக்கி மோந்து பார்.

அன்புடன்,
அத்தை